ஆறு கேபின்களும் ஒரு சொல்லும்

1956 ஜனவரியிலிருந்து 1983 ஜூன் வரை டெனிஸ் பார்டோ அகராதி அலுவலகத்துக்கு அனுப்பிய சீட்டுகள் 11,430. அவற்றில் 11,424 சீட்டுகளில் ஒரு பிழையும் கிடையாது. இது மீதி ஆறைப் பற்றியது.

டெனிஸ் லட்லோ ரயில் நிலையத்தின் சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். படித்தது பதினான்கு வயது வரைதான். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே கிடைக்கும் நாற்பது நிமிடங்களைச் சிலர் செடி வளர்த்துப் போக்குவார்கள், சிலர் குதிரைப் பந்தயச் செய்திகளில் போக்குவார்கள். இவர் படித்தார். பெரிய ஆங்கில அகராதி ஒன்று தன் துணைத் தொகுதிகளுக்காகப் பொதுமக்களின் உதவியைக் கேட்டபோது எழுதிப் போட்டார். வேலை எளியது. அச்சில் வந்த எதையாவது படிக்க வேண்டும். அகராதியில் இல்லாத சொல் கண்ணில் பட்டால், உள்ளங்கை அகலச் சீட்டில் அந்தச் சொல், அது வந்த வாக்கியம், எழுதியவர், நூல், பக்கம், தேதி எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை ஐந்நூறு வெற்றுச் சீட்டுகள் தபாலில் வரும்.

நாவல்களையும் கவிதைகளையும் மற்ற வாசகர்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த ரயில்காரருக்கு, வேறு யாரும் தொடாத பழைய புத்தக வியாபாரிகளின் விலைப்பட்டியல்களும் புத்தகச் சேகரிப்பாளர்களின் பத்திரிகைகளும் வந்து சேர்ந்தன. அந்த உலகத்தில் ஆங்கிலம் பாதி கிரேக்கம். புத்தகத்துக்கான கிரேக்கச் சொல்லை முன்னால் போட்டு, பின்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடுவார்கள். புத்தகத்தை நேசிப்பவர் பிப்லியோஃபைல். பைத்தியமாகத் திரிபவர் பிப்லியோமேனியாக். படங்களுக்காகப் பக்கத்தைக் கிழிப்பவர் பிப்லியோகிளாஸ்ட். யாருக்கும் காட்டாமல் பூட்டிவைத்துப் புதைப்பவர் பிப்லியோடாஃப். ஒரு வருடத்துக்குள் டெனிஸுக்கு இவை கேபினின் சிக்னல் லீவர் எண்களைப் போல மனப்பாடம்.

வீட்டில் இவற்றுக்கு வேறு உபயோகம் இருந்தது. திட்டுவதற்கு.

"பிப்லியோஃபேஜ்! புத்தகத்தை அப்புறம் தின்னு, முதல்ல ரொட்டியைத் தின்னு" என்பார் மகள் க்வெண்டாவிடம்.

"அம்மா, அப்பா என்னைக் கிரேக்கத்துல திட்டறாரு."

"இங்கிலீஷ்ல திட்டற மாதிரி நீ நடந்துக்கறப்ப நான் திட்டறேன்" என்பாள் ஐவி. "ரொட்டி டப்பா மேல கிடக்கற புஸ்தகத்தை முதல்ல எடு."

ஒரே பெண். நிறையப் படிப்பாள், எதையும் முடிக்கமாட்டாள். பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். மாடிப்படியில் ஒன்று, குளியலறை ஜன்னலில் ஒன்று, ரொட்டி டப்பாவின் மேல் ஒன்று. பதினாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் பொறுமை இழந்தார்.

"புத்தகத்தைத் திங்கறவனுக்குப் பேர் இருக்கு, கிழிக்கறவனுக்குப் பேர் இருக்கு. உன்னை மாதிரி ஜென்மத்துக்குக் கிரேக்கன்கூடப் பேர் வைக்கல."

க்வெண்டா எழுந்துபோய், பள்ளி அகராதியின் கடைசிப் பக்கத்தில் இருந்த வேர்ச்சொல் பட்டியலைத் திறந்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "ஹெமின்னா பாதி. ஹெமிபிப்லியாஸ்ட். இந்தா, வச்சுட்டேன். அனுப்பு உன் ஆபீஸுக்கு."

"அப்படியெல்லாம் அனுப்ப முடியாது. யாராவது அச்சுல எழுதியிருக்கணும்."

"அப்ப யாரையாவது எழுதச் சொல்லு."

டெனிஸ் சிரித்துவிட்டார். அந்த வாக்கியத்தை அவர் மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

1972இல் க்வெண்டா ஷ்ரூஸ்பரியில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தாள். விடுமுறைச் சனிக்கிழமைகளில் மதிய வண்டியில் வீட்டுக்கு வருவாள். ஷ்ரூஸ்பரிக்கும் லட்லோவுக்கும் நடுவே அப்போது வழியோரம் ஆறு கேபின்கள். வடக்கிலிருந்து சொன்னால் டாரிங்டன், ஸ்ட்ரெட்டன், மார்ஷ்புரூக், கிரேவன், ஆனிபரி, பிராம்ஃபீல்ட். எல்லாக் கேபினும் ஒரே டெலிபோன் கம்பியில் இருந்தன. ஒருவர் எடுத்தால் அனைவரும் கேட்கலாம். வண்டி வருவதை மணியடித்துச் சொன்னால் போதும், டெலிபோன் தேவையில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளில் அது ஒலிக்கும்.

"புரொபசரே, டாரிங்டன் பேசறேன். உன் பொண்ணு தாண்டிட்டா."

"எப்படி இருக்கா?"

"பச்சை அட்டை புஸ்தகம்தான்யா இருக்கு. மூஞ்சி எங்க தெரியுது?"

இருபது நிமிடம் கழித்து இன்னொரு குரல். "ஆனிபரி. கை காட்டினாய்யா! ஆனா புஸ்தகம் சிவப்பு."

"பச்சைன்னுதானே டாரிங்டன் சொன்னான்?"

"நான் கிரேவன்" என்று நடுவில் ஒருவர் புகுவார். "என்னைத் தாண்டும்போது பச்சைதான். நடுவுல மாத்திட்டா. பந்தயம் கட்டியிருக்கணும்."

பிராம்ஃபீல்ட் கடைசி. அந்த மணி அடித்ததும் டெனிஸ் லீவரை இழுத்துவிட்டு ஜன்னலுக்குப் போவார்.

1973 நவம்பரில் க்வெண்டாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை தலைவலி என்று விடுதியில் படுத்தாள், புதன்கிழமை காலையில் இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

வீட்டில் பதினான்கு புத்தகங்கள் கவிழ்ந்தபடி கிடந்தன. ஐவி ஒவ்வொன்றிலும், திறந்திருந்த பக்கத்தில் ஒரு துண்டு கம்பளி நூலை வைத்து மூடினாள். பதினான்கையும் போர்வைப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினாள். அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. டெனிஸுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

அடுத்த ஜனவரியில், வழக்கமான வெற்றுச் சீட்டுகளோடு அலுவலகத்தின் விதிமுறைத் தாள் ஒன்றும் வந்தது. புதுச் சொல் அகராதிக்குள் வர வேண்டுமென்றால், வெவ்வேறு ஐந்து பேர் அதை அச்சில் பயன்படுத்தியிருக்க வேண்டும். முதல் சான்றுக்கும் கடைசிச் சான்றுக்கும் இடையே ஐந்து வருடமாவது இருக்க வேண்டும். வாசகர்கள் தாங்களே எழுதியதைச் சான்றாக அனுப்பக் கூடாது.

அந்தக் கோடையில் ஒரு தோட்டக்கலை மாத இதழில் ஏ. டாரிங்டன் என்பவரின் கடிதம் வந்தது. ரோஜா வளர்ப்புப் புத்தகத்தைப் பாதிவரை மட்டும் படித்துவிட்டுக் கிளைகளை வெட்டிய அயலார் ஒருவரை அவர் ஹெமிபிப்லியாஸ்ட் என்று குறிப்பிட்டிருந்தார். மறுவருடம் புறா வளர்ப்போர் வார இதழில் எஸ். ஸ்ட்ரெட்டன்: "என் மைத்துனர் ஹெமிபிப்லியாஸ்ட். நோய்கள் பற்றிய அத்தியாயம் நூலின் பின்பாதியில் இருந்ததால் எங்கள் ஆண் புறா இறந்தது." அதற்கடுத்த வருடம் ஒரு தேவாலயச் செய்தி மடலில் மிஸஸ் மார்ஷ்புரூக். பிறகு கிரேவன், ஆனிபரி என்று வருடத்துக்கு ஒருவர். 1979இல் எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஜே. பிராம்ஃபீல்ட் எழுதினார். நகர நூலகம் தரும் இரண்டு வார அவகாசம் ஹெமிபிப்லியாஸ்டுகளுக்குப் போதவில்லை என்பது அவர் குறை. கடிதப் பக்கம் அப்போது என் பொறுப்பு. அதை அச்சுக்கு அனுப்பியவன் நான்தான். பிராம்ஃபீல்டை வாரம் இரண்டு முறை ரயிலில் தாண்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயர்தான் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர்.

ஒவ்வொன்றும் அச்சில் வந்த பிறகு டெனிஸ் சீட்டு எழுதினார். தேதி சரி, பக்க எண் சரி, வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிசகு இல்லை. ஐவியிடம் சொல்லவில்லை. இத்தனை கவனமான மனிதர் பெயர்களை மட்டும் ஏன் அப்படி வைத்தார் என்று பலர் கேட்டார்கள். ரயில்காரர்கள் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாதையில் வேலை பார்ப்பவரிடம் ஆறு பெயர் கேட்டால் அந்த ஆறுதான் வரும், அந்த வரிசையில்தான் வரும்.

இடையில், அவர் எதிர்பார்க்காத ஏழாவது சீட்டு ஒன்றும் சேர்ந்தது. ஊரில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த மிஸஸ் ப்ராபர்ட்டிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தார். அவள் தன் இலையுதிர்காலப் பட்டியலில் ஒரு பாதிரியாரின் நூல் தொகுப்பைப் பற்றி எழுதினாள்: "ஹெமிபிப்லியாஸ்ட் ஒருவரின் நூலகம். நூறாம் பக்கம்வரை தேய்ந்தவை, அதன்பின் புத்தம் புதியவை." யாரும் எழுதச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது, போட்டாள்.

அகராதி அலுவலகத்தில் டெனிஸின் சீட்டுகளைப் பார்த்துவந்தவர் உதவி ஆசிரியை மிஸ் லெவரெட். இருபது வருடமாகக் கடிதத் தொடர்பு, நேரில் சந்தித்ததில்லை. ஹெச் எழுத்துத் தொகுதி அச்சுக்குப் போகும் சமயம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடம் உழைத்தவருக்கு, அவர் அனுப்பிய சொல் ஒன்று ஏறிய அச்சுப்படியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? அவர் எடுத்தது ஹெமிபிப்லியாஸ்ட் இருந்த பக்கத்தை. அந்தச் சொல்லுக்கு டெனிஸ் மட்டுமே சீட்டுகள் அனுப்பியிருந்தார், அதனால். எந்தச் சொல் என்று சொல்லாமல், அச்சுப்படியோடு வருவதாக முன்கூட்டியே எழுதிவிட்டு, ஏழு சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டார்.

1983 ஜூன் 18, சனிக்கிழமை. ஷ்ரூஸ்பரியில் மதிய வண்டி ஏறி, மடியில் சீட்டுகளை வைத்துப் புரட்டிக்கொண்டு வந்தார். சிக்னலுக்காக வண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தார். கேபின் நெற்றியில் பெரிய எழுத்தில் டாரிங்டன் என்று இருந்தது. கையில் முதல் சீட்டு. சிரித்துக்கொண்டார். ஸ்ட்ரெட்டனில் சிரிப்பு நின்றது. மார்ஷ்புரூக்குக்குப் பிறகு ஜன்னல் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றதாகவும், முடியவில்லை என்றும் என்னிடம் சொன்னார்.

வீட்டில் ஐவி பன்றித்தொடை சாண்ட்விச்சும் சோம்பு கேக்கும் செய்து வைத்திருந்தாள். டெனிஸ் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"உங்க ஆபீஸ் சீட்டு வைக்க இந்த வீட்ல எத்தனை ஷூ டப்பா போச்சு தெரியுமா?" என்று ஐவி ஆரம்பித்தாள். "இவருக்குச் செருப்பு வாங்கறதே டப்பாவுக்காகத்தான்."

மிஸ் லெவரெட் கேக்கைத் தொடவில்லை. பையிலிருந்து எதையும் எடுக்கவுமில்லை. ஆனால் சுருட்டிய அச்சுப்படி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுதான் அந்தத் தாளா?" ஐவி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு தானே எடுத்து விரித்தாள். "எது இவரோட வார்த்தை? காட்டுங்க."

விரல் வைத்துத் தேடினாள். நின்றது.

விரலை எடுக்காமல் கணவரைப் பார்த்தாள். "டென். இது நம்ம க்வெண்டாது."

டெனிஸ் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க பொண்ணு பண்ணின வார்த்தைங்க" என்றாள் ஐவி, மிஸ் லெவரெட்டிடம். "அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. பதினாறு வயசு. இப்ப இல்ல. இது எப்படிங்க உங்ககிட்ட? யாரு யாரோ எழுதியிருக்காங்களா இதை?"

டெனிஸுக்கு ஒரு மகள் இருந்ததே மிஸ் லெவரெட்டுக்குத் தெரியாது. இருபது வருடக் கடிதங்களில் டெனிஸ் சொற்களைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தார்.

"மிஸ்டர் பார்டோ" என்றார் கடைசியில், "மிஸஸ் மார்ஷ்புரூக்கை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் டெனிஸ். "ரோட்டு கேட்டோட சேர்ந்த கேபின். ஜன்னலுக்குக் கீழ ஜெரேனியம் வச்சிருப்பாங்க."

மிஸ் லெவரெட் சீட்டுகளை மேசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தார். குற்றம் சாட்டும் தொனியே இல்லாமல், எழுதியவர் பெயரை மட்டும் வாசித்தார். டாரிங்டன். ஸ்ட்ரெட்டன். மார்ஷ்புரூக். கிரேவன். அடுத்ததை அவர் எடுக்குமுன் ஐவி சொன்னாள்.

"ஆனிபரி. அப்புறம் பிராம்ஃபீல்ட்."

"உங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அது அவ வீட்டுக்கு வர்ற வழி." ஐவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை. போன்ல சொல்லிக்கிட்டே வருவாங்க."

ஏழாவது சீட்டை மிஸ் லெவரெட் தனியாக வைத்தார். "இந்த மிஸஸ் ப்ராபர்ட்?"

"அது நிஜம்" என்றார் டெனிஸ். "ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் அந்தம்மா கடை, காட்டறேன், கேட்டுக்கங்க. அது ஒண்ணு நிஜம்."

"ஐந்து வேணும், மிஸ்டர் பார்டோ."

"தெரியும்."

யாரும் எதுவும் சாப்பிடவில்லை. மிஸ் லெவரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. தொகுதி புதன்கிழமை அச்சுக்குப் போகுது. இந்தப் பாதையில நான் மறுபடி வரப் போறதில்ல. வண்டியில தூங்கியிருந்தேன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது."

ஐவி சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். "டென், அவங்களே சொல்றாங்க, தூங்கிட்டேன்னு. தூங்கட்டும், விடு. அஞ்சு வரிதானே? அவ்வளவு பெரிய புஸ்தகத்துல அஞ்சு வரி. அவளுக்குக் கல்லறையில போட்டதே மூணு வரி."

டெனிஸ் அச்சுப்படியைத் தன் பக்கம் திருப்பினார்.

கேபினில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. ஒவ்வொரு வண்டியும் வந்த நிமிடம், போன நிமிடம் அதில் ஏறும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. மை தடவி மறைக்கவும் கூடாது. என்ன எழுதியிருந்தது என்று பின்னால் வருபவன் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் முதலெழுத்தும் நேரமும் எழுத வேண்டும். முப்பத்தோரு வருடம் அவர் அப்படித்தான் செய்தார்.

"வராத வண்டியை வந்ததா எழுதிட்டேன், ஐவி."

"எழுதிட்டுப் போயேன்! யார் மேல மோதப் போகுது?"

டெனிஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஐவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. ஒரு தடவை படிச்சுக்கறேன்."

மேசையில் குனிந்து, பள்ளிப் பிள்ளை போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஹெமிபிப்லியாஸ்ட். பெயர்ச்சொல். நகைச்சுவை வழக்கு. பல நூல்களைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காதவர். கிரேக்கத்தில் பாதி, நூல். பிறகு கையை எடுத்தாள்.

"ம். போடு."

கேக் வெட்டும் கத்தியின் முதுகை அளவுகோலாக வைத்து அவர் கோடு போட்டார். ஐந்து வரிக்கும் தனித்தனியாக ஐந்து கோடு, அடியில் எழுத்து தெளிவாகத் தெரியும்படி. ஓரத்தில் டி.பி. என்று எழுதி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 3.07 என்று குறித்தார். மிஸ் லெவரெட் அதைச் சுருட்டிக்கொண்டு 3.40 வண்டிக்குப் போனார். ஐவி வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. சாண்ட்விச்சுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள், அவ்வளவுதான்.

பக்கத்தில் விழுந்த ஐந்து வரி இடைவெளியை அப்படியே விட முடியாது. அதற்கு முந்தைய சொல்லுக்குக் கூடுதலாக ஒரு மேற்கோளைச் சேர்த்து நிரப்பினார்கள். அதுவும் டெனிஸ் 1961இல் அனுப்பிய சீட்டுதான். ஆறு சீட்டு தவறென்று தெரிந்தபின் மற்றவற்றை நம்புவது எப்படி என்ற கேள்வி அலுவலகத்தில் எழுந்தது. இரண்டு பேர் நான்கு மாதம் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். பிழை ஒன்றுகூட இல்லை. மிஸ் லெவரெட் அதைக் கடிதமாக எழுதி, மீண்டும் அனுப்பத் தொடங்கும்படி கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஜனவரியும் ஐந்நூறு வெற்றுச் சீட்டுகள் வந்தன. டெனிஸ் பிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் நான் அவர்கூடச் சரியாப் பேசல" என்றாள் ஐவி என்னிடம். "அவர் செஞ்சது தப்புன்னு இல்ல. எனக்கு அந்தத் தாளைக் காட்டியிருக்கவே கூடாது. இல்லன்னு இருந்தது. இருக்குன்னு காட்டினாங்க. மறுபடியும் இல்ல."

டெனிஸ் பார்டோ 1989 மார்ச்சில் இறந்தார். பிரிக்காத சீட்டுக் கட்டுகள் ஆறும் ஷூ டப்பாக்களும் கூடத்தில் இருக்கின்றன. போர்வைப் பெட்டியை ஐவி திறந்துவிட்டாள். பதினான்கு புத்தகங்களையும் அலமாரியில் நிறுத்தியிருக்கிறாள், கம்பளி நூல்களோடு.

இடம் பெறாத சொற்களின் சீட்டுகளை அகராதி அலுவலகம் எறிவதில்லை. நிலவறையில் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். ஹெச் பெட்டியில் மிஸஸ் ப்ராபர்ட்டின் பட்டியலிலிருந்து எடுத்த சீட்டு இருக்கிறது. அடுத்த பதிப்புக்காக அந்தப் பெட்டியை 1997இல் திறப்பார்கள். அதற்குள் இன்னும் நான்கு பேர் அதை அச்சில் எழுத வேண்டும்.